முகம் பார்த்துச் சொன்னவள்

பட்டு என்பது தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர். தோல் அப்படி. கூட வேலை செய்கிறவர்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "சும்மா இருங்கடி" என்று சலித்துக்கொள்வாளே தவிர, உள்ளூர அவளுக்குத் தலைகால் புரியாது.

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைக் குப்பிகளில் நிரப்பும் அறையில் அவளுக்கு வேலை. தலைக்கு உறை, கைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க். உள்ளே போனால் வெளியே வரும் வரை மாஸ்கைக் கழற்றக் கூடாது. ஆனால் குளிர்ந்த அறை, உட்கார்ந்து பார்க்கும் வேலை. வெளியே அட்டைப்பெட்டிக் கொட்டகையில் தூசியில் நின்று பாரம் தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்த அறையின் மேல் ஒரு கண். இடத்தை ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உடை மாற்றும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். பவுடர் இருக்கக் கூடாது, மை இருக்கக் கூடாது, ஆறாத புண் கூடவே கூடாது. பார்த்தவள் "சுத்தம்" என்று குரல் கொடுத்தால்தான் மேற்பார்வையாளர் கதவைத் திறப்பார். மருந்து யார் கண்ணிலோ விழப்போகிறது, விளையாட்டா? பட்டுவுக்கு ஜோடி நெட்டை. பெயருக்கேற்ற உயரம், கூடவே தீராத இடுப்பு வலி. பட்டுவின் முகத்தைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் "அம்மாடி" என்று ஒரு முனகல் வரும்.

அந்தக் கோடையில் பட்டுவின் தாடையில் பரு கிளம்பியது. மாஸ்குக்குள் மூச்சும் வியர்வையும் சேர்ந்து புழுங்கினால் எந்தத் தோல்தான் தாங்கும்? அதோடு விட்டிருந்தால் தானே அடங்கியிருக்கும். பட்டு விடவில்லை. மேஜையைத் துடைக்கும் ஸ்பிரிட் ஒரு கிருமியையும் விடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மேஜைக்கு நல்லது தாடைக்கும் நல்லதுதானே என்று, இடைவேளை தோறும் கழிவறைக்குள் போய் பஞ்சை அதில் நனைத்துத் தேய்த்தாள். மற்றவர்கள் முன்னால் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் மாற்ற வேண்டிய மாஸ்கை மாற்றாமல், ஈரமானதையே மாலை வரை கட்டிக்கொண்டிருந்தாள். தோல் காய்ந்து வெடித்தது. வெடித்த இடத்தில் நீர் கசிந்தது.

"இது சுத்தம் இல்லடி," என்றாள் நெட்டை ஒரு நாள் காலையில். "போய்ச் சொல்லிடு. ஆறுற வரைக்கும் வெளியதான போடுவாங்க?"

"வெளிய போனா உள்ள வர முடியுமா? ரெண்டு நாள்ல காஞ்சிடும். உன் கையைப் புடிச்சிக் கேக்கறேன்."

நெட்டை ரொம்ப நேரம் அந்தத் தாடையையே பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி "சுத்தம்" என்றாள். மறுநாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள்.

பட்டுவின் மாஸ்கில் மஞ்சளாக ஒரு ஈரத்திட்டு ஊறியதை மேற்பார்வையாளர்தான் முதலில் பார்த்தார். வேலை நின்றது. அன்று நிரப்பிய குப்பிகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. இருவரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"முகம் பாத்தது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் நெட்டை.

"சுத்தம்னு நீங்கதான் சொல்லச் சொன்னீங்களாம்மா?" என்று பட்டுவிடம் திரும்பினார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் குளிர்ந்த அறையும் நாற்காலியும் கண் முன்னால் நின்றன. "இல்ல சார். இவ்ளோ மோசமா இருக்குன்னு எனக்கே தெரியாது," என்றாள் பட்டு, தரையைப் பார்த்தபடி.

பட்டுவை மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். பொய் சொன்னவள் என்று நெட்டையைப் பெட்டிக் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

தோல் டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "மேஜை தொடைக்கறத மூஞ்சில தேச்சீங்களா? இனிமே அதைத் தொடவே கூடாது. காரமில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி. வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே லேசா ஒரு க்ரீம், அது நல்லா உள்ள எறங்கின அப்புறம்தான் மாஸ்க். ஈரமானா உடனே வேற மாத்துங்க. பஸ்ஸுல கட்டற துணி மாஸ்க்க தினமும் தொவைச்சு, சோப்பு துளிகூட இல்லாம அலசுங்க. கையை வச்சிக் கிள்ளாதீங்க." புண்ணுக்கு ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவுதான் விஷயம். இதை முதலிலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பட்டு என்ற பெயர் போய்விடுமே! வீட்டில் உட்கார்ந்து சொன்னதைச் சொன்னபடி செய்தாள். புண் ஆறியது, தழும்புகூட மங்கியது. மனசு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கணவனிடம்கூட நடந்ததைச் சொல்லவில்லை.

மருத்துவ விடுப்பு முடிந்து போனபோது இடம் அவளுக்காகக் காத்திருந்தது. புது ஜோடி ஒரு சின்னப் பெண், எட்டிப் பார்த்துச் சட்டென்று "சுத்தம்" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டு கொட்டகைக்குப் போனாள். நெட்டை இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்பைவிட நன்றாகவே இளைத்திருந்தாள். பட்டு மாஸ்கைக் கழற்றினாள்.

"ஆறிடுச்சு நெட்ட. பாரேன்."

"நல்லா பாத்துக்க," என்றாள் நெட்டை, நிமிராமல். "அன்னிக்கு அந்த ரூம்ல உன் மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். நீதான் என்னைப் பாக்கல."

பட்டுவுக்கு அழுகை முட்டியது. நெட்டை தூக்கப்போன பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"விடுடி. தூசி பட்டா உன்னை உள்ள விடமாட்டாங்க."

பட்டு கையை எடுத்துக்கொண்டாள்.