கேட் நோட்டில் ஒரு நாய்

பேய் பிசாசு எல்லாம் நான் நம்பியதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே அமானுஷ்ய சக்தி எங்கள் சூப்பர்வைசர்தான்; சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானாக இருந்தாலும் சிரிப்பேன், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை எனக்கு. ஞாயிறானால் நானும் ஆட்டோ ஓட்டும் சலீம் பாயும் இன்னும் நாலு பேரும், அடித்துப் பட்டினி போட்ட நாய்களை மீட்டு, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம். போகிற நாய்க்கு மிச்சத் தோலில் நானே கழுத்துப்பட்டி தைப்பேன். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. திறமை இல்லை, எனக்கு நேராகத் தைக்க வராது. பதினைந்தாம் நாள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இருக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

பிஸ்கட் என்று ஒரு நாய், கழுத்தில் கட்டுக்கம்பி சதைக்குள் இறங்கிய நிலையில் கிடைத்தது. இரண்டு மாதத்தில் தேறியது. சிவப்புப் பட்டி கட்டி, குடியாத்தம் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் கொடுத்தோம். பதினைந்தாம் நாள் போக வேண்டியது நான். அன்று தோஸ்த் வீட்டுக் கல்யாணம். பிரியாணி எலும்பைக் கடித்துக்கொண்டே வாட்ஸ்அப் குழுவில், ‘பாத்தாச்சு, ஜம்முனு இருக்கு’ என்று போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், நல்ல வெயில், கம்பெனி வண்டி ஸ்டாண்டில் என் பைக் ஓரமாக பிஸ்கட் படுத்திருந்தது. அதே சிவப்புப் பட்டி, அதே கோணல் தையல். பன் போட்டேன், முகரக்கூட இல்லை. தோட்டக்காரர் போனை எடுக்கவில்லை. நேரிலேயே கேட்டுவிடலாம் என்று பர்மிஷன் போட்டு, சலீம் பாயை வரச்சொன்னேன். தூக்கி ஆட்டோவில் வைத்தபோது நாய் ஜில்லென்று இருந்தது. நிழலில் கிடந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் பின்சீட்டை எட்டிப் பார்த்து நோட்டில் எழுதினார்: ஆள் இரண்டு, நாய் ஒன்று.

“நாயக்கூடவா எழுதுவ?”

“தோலு எது வெளிய போனாலும் எழுதணும்பா. அதுக்கும் தோலு இருக்குதில்ல?”

நாய் தாராளமாகப் படுக்கட்டும் என்று நான் முன்னால் சலீம் பாயோடு ஒட்டிக்கொண்டேன். போய் இறங்கினால் பின்சீட் காலி.

“ரயில்வே கேட்டாண்ட குதிச்சிருக்கும்பா,” என்றார் பாய்.

தோட்டம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார்.

“அவங்க ஊருக்குப் போய்ட்டாங்கபா. நாய இன்னா பண்ணாங்களோ, நாலு நாளா சத்தமே இல்ல.”

சுவரேறிக் குதித்தோம். மோட்டார் ரூம் பின்னால் அரை முழச் சங்கிலியில் பிஸ்கட் கிடந்தது. செத்து நாளாகியிருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டி. தையலைத் தொட்டுப் பார்த்தேன், என்னுடையதுதான்.

அங்கேயே குழி தோண்டினோம். மண்ணைத் தள்ளிக்கொண்டே பாய் கேட்டார்: “நீ வந்து பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு?”

நான் இன்னும் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டேன். அழுகை வரவில்லை. நம்புங்கள், திரும்பும் வழியில் டீக்கடையில் இரண்டு பஜ்ஜி தின்றேன், காரம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

போனபோது போலவே பாயோடு முன்னால் ஒட்டிக்கொண்டு, பைக்கை எடுக்கக் கம்பெனிக்கு வந்தபோது ஆறரை மணி. முனுசாமி அண்ணன் வழக்கம்போல பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னாபா, திரும்ப இட்டுனு வந்துட்டீங்க? வேணாம்னுட்டாங்களா?”

பாய் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அண்ணன் எழுதுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இரண்டு, நாய் ஒன்று.

‘பாத்தாச்சு’ என்று நான் போட்ட அந்தச் செய்தி இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது, கீழே ஐந்து பேர் போட்ட கட்டைவிரலோடு. தினமும் ஷிப்ட் முடிந்ததும் பைக் ஓரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். ஒன்றும் இருக்காது. ஆனால் கேட் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், அன்று ஆறரை மணிக்கு அந்த நாய் உள்ளே வந்ததோடு சரி. அதற்கப்புறம் வெளியே போனதாக இன்றுவரை எழுதவில்லை.