நொண்டி வண்டியில் தூங்கிய வாலு

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. காய்ந்து வரும் படுக்கை விரிப்பை இரண்டு உதறு உதறி, மூலையோடு மூலை சேர்த்து அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்தால் இருந்தான், இல்லாவிட்டால் எங்கேயோ வழியில் இருக்கிறான் என்று அர்த்தம். பெண் ஒன்றே ஒன்று, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ, கூப்பிடுவதெல்லாம் வாலு என்றுதான்.

வேலைக்கு இருட்டோடு போகவேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. நடுவில் பிள்ளையை எங்கே வைப்பது? கொஞ்ச நாள் பக்கத்து வீட்டில் விட்டாள். அந்த வீட்டுக்காரி தங்கமானவள்தான். ஆனாலும் தினம் தினம் விடியாமல் கதவைத் தட்டினால் தங்கமும் ஒரு நாள் முகம் சுளிக்கும். அதனால் மடிப்பக்கா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து நொண்டி வண்டியில் படுக்கவைத்தாள்.

துணியை வார்டுக்குக் கொண்டுபோகிற தள்ளுவண்டிகளில் ஒன்றுதான் அது. ஒரு சக்கரம் சுற்றவே சுற்றாது என்பதால் யாரும் அதைத் தொடமாட்டார்கள், மூலையில் கிடக்கும். சூடு ஆறாத விரிப்பு நாலை அதில் போட்டு, மேலே ஒன்றைப் போர்த்திவிட்டால் வாலு சுருண்டு தூங்கிவிடும். டீ குடிக்க விடும் நேரத்தில் டீயைக் குடிக்காமல் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவாள். அந்தச் சக்கரத்தைத் திட்டாதவர்களே கூடத்தில் இல்லை. அவள் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கப்போகிறாள்?

ஒரு நாள் சாயங்காலம் மெக்கானிக் வந்து, யாரிடமும் சொல்லாமல் அந்தச் சக்கரத்தைச் சரிபண்ணிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் விடிகாலையில் அவள் வழக்கம்போல வாலுவைப் படுக்கவைத்துவிட்டு மெஷின் பக்கம் போனாள். வார்டு ஆள் வந்தான். வண்டியைத் தள்ளிப் பார்த்தான், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆசையாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வார்டில் நர்ஸ் விரிப்பை எடுக்கக் கையை நீட்டினாள். விரிப்பு எழுந்து உட்கார்ந்து, "அம்மா, ஸ்கூல் வந்துடுச்சா?" என்றது. நர்ஸ் போட்ட கூச்சலில், கால் உடைந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்த மனிதர் எழுந்து ஓடப்பார்த்தாராம்.

கூடமே சிரித்தது. சூப்பர்வைசர் அம்மா சிரிக்கவில்லை.

"இது ஆஸ்பத்திரியா, உன் வீட்டுத் தொட்டிலா? ஊர்ப்பட்ட வியாதி இருக்கற எடத்துல புள்ளைய உருட்டி விட்டிருக்கியே!"

"வேற எங்கம்மா விடறது?"

"அது உன் பாடு. இன்னொரு தடவ புள்ளைய இங்க பாத்தேன்னா, அப்புறம் உன்னையும் இங்க பாக்கமாட்டேன். நேரத்துக்கு வரலேன்னாலும் அதே கதைதான்."

அந்த அம்மாவுக்கு வாய் நீளம். அதோடு, தினமும் வேலை தொடங்கியதும் சோப்பு மூட்டைக்குப் பின்னால் போய் நின்று போனில் குசுகுசுவென்று பேசும். மேலிடத்துக்குக் கோள் சொல்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லவேளையாக, பள்ளிக்கூடத்திலேயே காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையைத் திறந்தார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. காசு கிடையாது. ஆனால் குறைந்த சம்பளக்காரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பெரிய டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். வாலுவுக்கு இடம் கிடைத்தது. மடிப்பக்காவுக்கு மலையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

அது கொஞ்ச நாளைக்குத்தான். ஒரு நாள் காலையில் வாலு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றது.

"ஏன்டி, ஆயா அடிச்சாங்களா?"

"இல்ல. அது ஒண்ணுமில்லாதவங்க ரூமாம். கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நான் வண்டியிலயே படுத்துக்கறேம்மா."

இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வேலைக்கு வரும்போது நேரமாகிவிட்டது. சூப்பர்வைசர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தது, இவளைப் பார்த்தது, சோப்பு மூட்டைப் பக்கம் போய்விட்டது. திட்டினாலாவது பரவாயில்லை. நாளைக்கும் இப்படி ஆனால் வேலை போய்விடும்.

அந்தக் கலக்கத்தோடு சோப்பு எடுக்கப் போனவள் காதில் போன் பேச்சு விழுந்தது.

"எந்திரிச்சிட்டியா கண்ணு? அடுப்புப் பக்கம் போகாத. பால அப்படியே குடிச்சுக்கோ. யார் தட்டினாலும் கதவத் தெறக்காத, என்ன? சட்டை போடு, அம்மா போனை வைக்கமாட்டேன்."

சூப்பர்வைசர் அம்மா திரும்பியது. இருவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பொண்ணா? எந்த ஸ்கூல்மா?"

"உன் புள்ள படிக்கற ஸ்கூல்தான். மூணாவது."

"அப்ப அந்த ரூம்ல விடலாமே?"

"எனக்குச் சம்பளம் ஜாஸ்தியாம். சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

"நாங்க என்னவோ, எங்களப் பத்தித்தான் கோள் சொல்றீங்கன்னு..."

"உங்களப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? சோம்பேறிங்கன்னு ஊருக்கே தெரியும். போ, போய் வேலையப் பாரு."

அன்று சாயங்காலம் மடிப்பக்கா நேரே பெரிய டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், அந்த ரூமை எல்லாருக்கும் தொறந்து விடுங்க."

"வசதி இருக்கறவங்க ஆள் வெச்சுப் பாத்துக்கட்டுமேம்மா. எல்லாருக்கும்னு சொன்னா, வீட்டுல சும்மா இருக்கறவங்களும் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுவாங்க. இருக்கறது ஒரே ஆயா."

"விட்டுட்டுப் போகட்டுமே! பகல்ல பாடம் சொல்லிக்குடுக்கறீங்களே, அப்பா என்ன சம்பாதிக்கறாருன்னு கேட்டுக்கிட்டா சொல்லிக்குடுக்கறீங்க? காலையில மட்டும் எதுக்கு அந்தக் கேள்வி? உங்க கேள்வியாலதான் என் புள்ள உள்ள வர மாட்டேங்குது, சூப்பர்வைசரம்மா புள்ள வீட்டுல தனியாப் பூட்டிக் கிடக்குது."

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டார். "இன்னொரு ஆயா கேட்டா, இருக்கற புள்ளைங்களுக்கு ஒருத்தி போதும்னு மேல சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"புள்ளைங்கள நீங்க உள்ள விட்டாத்தானே டீச்சர் கூட்டம் தெரியும்?"

டீச்சர் முடியாது என்று சொல்லவில்லை. மடிப்பக்காவுக்கு அது போதும்.

மறுநாளே அவள் கூடத்தில் ஒருவரையும் விடவில்லை. நாளைக்குப் பிள்ளையை அந்த அறைக்குக் கூட்டிவா என்று கேன்டீன்காரியிடம் சொன்னாள், இஸ்திரி அண்ணனிடம் சொன்னாள், அன்றைக்குக் கூச்சல் போட்ட நர்ஸிடம்கூடப் போய்ச் சொன்னாள். "திருப்பி அனுப்பிட்டா?" என்று கேட்டவர்களிடம், "அனுப்பட்டும், நாளைக்கும் போவோம்" என்றாள்.

அதற்கடுத்த நாள் விடிகாலையில் அந்த அறை வாசலில் ஒரே சலசலப்பு. நர்ஸின் இரட்டைப் பிள்ளைகள், கேன்டீன்காரியின் பேத்தி, கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் பிள்ளைகூடச் சேதி கேட்டு வந்திருந்தது. சூப்பர்வைசர் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றது. ஆயா இடுப்பில் கைவைத்து, "நான் என்ன பத்து கை வெச்சிருக்கேனா?" என்று கத்தினாள். பெரிய டீச்சர் வந்து பார்த்தார். எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். அப்புறம் பக்கத்து அறைக் கதவையும் தாழ்ப்பாள் நீக்கித் திறந்தார்.

"இன்னொரு ஆயா வர்ற வரைக்கும் நானே உக்காந்துக்கறேன். உள்ள வாங்க."

வாலு சூப்பர்வைசர் அம்மாவின் மகளை மேலும் கீழும் பார்த்தது. அதன் செருப்பில் விளக்கு மின்னியது.

"நீயும் இந்த ரூமா?"

"ஆமா."

"வா, ஜன்னல்கிட்ட எடம் இருக்கு."

அவ்வளவுதான். அம்மா என்று ஒருத்தி நிற்பதையே மறந்து இரண்டும் உள்ளே ஓடிவிட்டன.

இரண்டு அம்மாக்களும் ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நேரம் தவறவில்லை. நொண்டி வண்டி துணியோடு வார்டுக்குப் போய்விட்டிருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தும் சூப்பர்வைசர் அம்மா சோப்பு மூட்டைப் பக்கம் போகவில்லை. நேராக மடிப்பக்காவிடம் வந்து, மேலே இருந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்தது.

"மூல சரியில்ல. பிரிச்சு மடி."

மடிப்பக்கா சிரித்துக்கொண்டே பிரித்து மடித்தாள். மூலை சரியாகத்தான் இருந்தது.