மாமா விற்காத கத்தி

உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனபோது என்னைக் கற்பிட்டியில் மாமா வீட்டில் விட்டுப் போனார். எனக்கு அப்போது பத்து வயது. வாப்பாவுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. உம்மாவின் தம்பியான மாமா வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவர். அவருக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் மாமி நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பார், மாமா முற்றத்தில் என்ஜினோடு இருப்பார், நான் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பேன். வெள்ளிக்கிழமைகளில்தான் உம்மா போன் எடுப்பார். அங்கே வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றால் பாதியில் வைத்துவிடுவார்.

மாமாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்று சொன்னது மாமி. பட்டாளத்தில் கொடுத்து, அங்கே பாவித்துப் பழசாகிப்போன கத்திகளை அவர் தேடித்தேடி வாங்கினார். புத்தளத்துப் பழைய இரும்புக் கடைகள் எல்லாவற்றிலும் அவரைத் தெரியும். புதுக் கத்தி கொடுத்தால் வேண்டாம் என்பார். பிடியில் கை பட்டுத் தேய்ந்திருக்க வேண்டும், அலகில் அடித்த நம்பர் இருக்க வேண்டும், யாரும் கல்லில் தீட்டிக் கெடுத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்து மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. அதன் முதுகில் கயிற்று முடிச்சு அவிழ்க்க ஒரு தடித்த முள். மற்றவையெல்லாம் உறைக் கத்திகள். உறையில் வைத்தால் தோல் வியர்த்துத் துருப்பிடிக்கும் என்று கத்தியை வேறாகவும் உறையை வேறாகவும் அலுமாரியின் மேல்தட்டில் பத்திரிகைத் தாள் விரித்து அடுக்கியிருந்தார். மாமியின் மெஷின் எண்ணெயைத் திருடித்தான் அவற்றுக்குப் பூசுவார். மொத்தம் பதினாறு. அவற்றில் ஒன்றால் ஒரு தேசிக்காய் கூட வெட்டியதில்லை.

ஏன் இதைச் சேர்க்கிறார் என்று நான் கேட்டதில்லை. உம்மாதான் ஒரு தடவை போனில் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரை விட்டு எல்லாரும் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது மாமாவுக்கு ஏழு வயதாம். கரையில் நின்ற ஒரு சிப்பாய் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பாண் துண்டு வெட்டி, பசித்திருந்த பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு ஒரு மாதம் இவன் கத்தி கத்தி என்றே கிடந்தான் என்று சொல்லி உம்மா சிரித்தார். பிறகு லைன் போய்விட்டது.

கத்திகளைப் பற்றி மாமாவுக்குக் கதைக்க ஆள் இல்லாததால் என்னிடம் கதைத்தார். எனக்கும் வேறு ஆள் இல்லாததால் கேட்டேன்.

பதினேழாவது கத்திக்காக நாங்கள் முந்தலுக்கு மூன்று முறை போனோம். அங்கே ஓர் இறால் பண்ணையில் காவலுக்கு இருந்த பழைய சிப்பாயிடம் நல்ல கத்தி ஒன்று இருப்பதாக இரும்புக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பாலாவியில் பஸ் மாறிப் போக வேண்டும். அந்தச் சிப்பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி மௌத்தாகி, மகன் கொரியாவுக்குப் போய், பண்ணைக் குடிலில் தனியாக இருந்தார். இடது காது கேட்காது. அதனால் அவரும் சத்தமாகக் கதைப்பார், அவரோடு கதைக்கிறவர்களும் சத்தம் போட வேண்டும். போனில் கதைப்பதே இல்லை.

முதல் முறை விற்க மாட்டேன் என்றார். இரண்டாம் முறை தேத்தண்ணி தந்து, விற்க மாட்டேன் என்றார். மூன்றாம் முறை அவராகவே கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். மாமா ஆசையோடு, இது எந்தெந்தச் சண்டையில் இருந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருடமும் இதனால் மீன் டின்தான் திறந்ததாகச் சொன்னார். ஒரு தடவை ஒருவனுக்கு முள் எடுத்தாராம். மாமாவுக்கு அது போதுமாயிருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கொடுக்கும்போது, எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார். வடக்கில் இருந்தபோது பழகிய தமிழ்.

"மல்லி, இத விக்க வேணாம். நா வந்து பாக்கிறது."

மல்லி என்றால் தம்பி. மாமா அவருடைய கையைப் பிடித்து, விற்க மாட்டேன் அய்யா என்று சத்தமாகச் சொன்னார். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்.

சொன்னபடியே அவர் வந்தார். பண்ணையில் அவருக்கு லீவு கிடைப்பது பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையில் மட்டும். ஒவ்வொரு போயாவுக்கும் இரண்டு பஸ் ஏறி, பத்து மணிக்கெல்லாம் எங்கள் கேற்றில் நிற்பார். மாமா கத்தியை எடுத்துக் கொடுப்பார். அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். மீதி நேரம் முழுக்க இருவரும் முற்றத்தில் என்ஜினைக் கழற்றிக்கொண்டு, மழை, இறாலுக்கு வந்த நோய், மகன் அனுப்பிய படம் என்று உரத்த குரலில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் மாமி சோறு கொடுப்பார். பைத்தியம் இரண்டாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒரு மீன் துண்டு கூடுதலாக வைப்பார். அந்த ஒரு நாளில்தான் எங்கள் வீட்டில் சத்தம் இருக்கும். மற்ற நாட்களில் நானும் போயாவை எண்ணத் தொடங்கினேன்.

ஆறேழு மாதம் இப்படிப் போனது. பிறகு கொழும்பிலும் வேறு ஊர்களிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்கு முழுதாக நினைவில்லை. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. கடைகள் மூடியிருந்தன. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் எங்கள் ஊரிலும் வீடு வீடாகச் சோதனை வருகிறது என்றார்கள். அங்கே ஒருவரைக் கத்தி வைத்திருந்ததற்காகக் கொண்டுபோனார்கள், இங்கே ஒருவரைக் கொண்டுபோனார்கள் என்று கதை வந்துகொண்டேயிருந்தது. எது உண்மை, எது இல்லை என்று கேட்டுப் பார்க்கவும் யாரும் வெளியே வரவில்லை. மாமி மெஷினை நிறுத்திவிட்டு அலுமாரி முன்னால் போய் நின்றார்.

"பட்டாளத்துக் கத்தி பதினேழு. நம்மட வீட்டில. என்ன செல்லப் போறீங்க? பாண் வெட்ட வெச்சிருக்கன் எண்டா?"

மாமா முற்றத்துக்குப் போய், கழற்றி வைத்திருந்த என்ஜினைப் பூட்டத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலையில் அவர் உச்சமுனைக்காரர் ஒருவருடைய திருத்திய என்ஜினை வள்ளத்தில் பூட்டி, ஓடிப் பார்க்க வேண்டும் என்று களப்புக்குக் கொண்டுபோனார். என்னையும் வரச் சொன்னார். சின்னப் பிள்ளை வள்ளத்தில் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு வேறு எண்ணம் வராது என்று மாமி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. பல நாளுக்குப் பிறகு வெளியே போகிறோம் என்று சந்தோஷமாக ஏறினேன். காலடியில் ஓர் அரிசிச் சாக்கு கிடந்தது.

களப்பில் ஆழம் குறைவு. பல இடங்களில் அடி தெரியும். மாமா வள்ளங்கள் போகும் ஆழமான வாய்க்கால் வரை போய் என்ஜினை அணைத்தார். சாக்கோடு போட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, நம்பரைப் பார்த்து, தண்ணீருக்குள் கையை விட்டுச் சத்தமில்லாமல் விட்டார். முந்தல் கத்தியைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். தூரத்தில் ஒரு வள்ளத்தின் சத்தம் கேட்டதும் அதையும் விட்டார்.

"மாமா, அந்த மாமா வந்து கேட்டா?" என்றேன்.

மாமா என்ஜின் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்துச் சோதனைக்கு வந்தார்கள். ஐந்தாறு சிப்பாய்கள், ஒரு பெண் பொலிஸ். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். என் புத்தகப் பையைப் பார்த்த சிப்பாய் புத்தகங்களைத் திரும்ப அதே ஒழுங்கில் வைத்தார். அலுமாரியைத் திறந்தவர் மேல்தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பத்திரிகைத் தாளில் எண்ணெய்க் கறைகள் வரிசையாக, நீள நீளமாக இருந்தன. என்ன இருந்தது என்று கேட்டார். என்ஜின் சாமான் என்றார் மாமி, குரல் மாறாமல். மாமாவின் கறுத்த நகங்களைப் பார்த்துவிட்டு அவர் அலுமாரியைச் சாத்தினார். குசினியில் இருந்த மீன் கத்தியை எடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்தார். அவர்கள் போன பிறகு மாமி அந்தத் தாளை எடுத்து அடுப்பில் போட்டார்.

வெசாக் போயாவுக்கு முந்தல்காரர் வரவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்து வந்த போயாவில், பத்து மணிக்குக் கேற்றடியில் அந்த உரத்த குரல் கேட்டது. மாமா ஜன்னலால் பார்த்தார். உடனே விலகிக் கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் ஒளிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீ போ மகள். நான் இல்ல எண்டு செல்லு. கத்திய வித்திட்டார் எண்டு செல்லு."

"களப்பில போட்டத்த செல்லட்டா?"

"வேணாம். வித்திட்டார் எண்டு செல்லு."

நான் போனேன். அவர் புதுச் சட்டை போட்டு, கையில் ஒரு பையோடு நின்றார். என்னைக் கண்டதும் சிரித்து, துவ, எல்லாரும் சுகமா, பயந்ததா என்று கேட்டார். துவ என்றால் மகள். சுகம் என்றேன். மாமா இல்லை என்றேன். அப்போ கத்தியை மட்டும் காட்டு என்று கையை நீட்டினார்.

"மாமா அத வித்திட்டார்."

அவருக்குக் கேட்கவில்லை. நல்ல காதை என் பக்கம் திருப்பிக் குனிந்தார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். கதவுக்குப் பின்னால் நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

அவர் நிமிர்ந்தார். யாருக்கு என்றார். அதை மாமா எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கொழும்பில் ஒரு பெரிய ஆளுக்கு, கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறாராம் என்று நானாகவே சொன்னேன். நல்ல இடம் என்றால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே மாமாவின் செருப்பு கிடந்தது.

"நல்லம்," என்றார். அன்றுதான் அவர் மெதுவாகக் கதைத்து நான் கேட்டேன்.

பையை என் கையில் தந்துவிட்டுப் போனார். பை நிறைய இறால். இரண்டு பஸ்ஸிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஐஸ் உருகி அவருடைய சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. மாமி அன்று இறால் ஆக்கினார். மாமா பசியில்லை என்றார். நான் நன்றாகப் பொய் சொன்னதை அவர் பாராட்டுவார் என்று இரவுச் சாப்பாடு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கேட்டது ஒன்றுதான்: அவருக்குக் கோபமா? இல்லை என்றேன்.

அடுத்த போயாவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த போயாவுக்கும் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் சிலாபத்தில் ஒரு என்ஜின் சாமான் வாங்க மாமா போனபோது என்னையும் கூட்டிப்போனார். முந்தலில் பஸ் நின்றது. யாரோ பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்ததால் நெடுநேரம் நின்றது. ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையின் வாங்குப் பலகையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பனிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நான் மாமாவின் கையைச் சுரண்டிக் காட்டினேன்.

"கண்டன்," என்றார் மாமா.

இறங்குவார் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். அவர் முன்சீற்றைப் பிடித்தபடி, எழும்புகிறவரைப் போலக் கொஞ்சம் உயர்ந்து, பிறகு திரும்ப உட்கார்ந்தார். பஸ் வெளிக்கிட்டது. வாங்கில் இருந்தவர் எங்களைப் பார்க்கவில்லை.

கத்தியும் இல்லாமல் வெறுங்கையோடு போய் நிற்பது சரியில்லை என்றுதான் மாமா இறங்கவில்லை என எனக்குப் பட்டது. அது எனக்கு நியாயமாகவும் இருந்தது.

"அடுத்த முறை வேற ஒரு கத்தி வாங்கிட்டுப் போவம் மாமா," என்றேன்.

ஓம் மகள் என்று சொல்லிவிட்டு, சிலாபம் வரும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.