சனிக்கிழமை ஈடுகட்டலாம்

மௌரீனுக்குச் சோறு போட்டதே பயம்தான். பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சர்ச்சுக்குக் கிளம்பும்போது காஸ் சிலிண்டரை மூடியாயிற்றா என்று பார்ப்பாள். பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பாள். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் தமிழில் பேசாதே என்று அப்பா அதட்டியதும், தெருமுனையில் எரிந்த டயரின் நாற்றமும் அவளைவிட்டுப் போகவே இல்லை. இப்படிப்பட்டவளைத் தேடிப்பிடித்துச் சம்பளம் கொடுப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்?

கொடுத்தார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று ஊரே நடுங்கியதில், நடுங்கிப் பழகியவர்களுக்குக் கிராக்கி வந்தது. கரண்ட் போனால், தீப்பிடித்தால், பந்த் வந்தால் தொழில் நிற்காமல் எப்படிச் சமாளிப்பது என்று கம்பெனிகளுக்குத் திட்டம் எழுதித் தரும் ஆபீஸில் சேர்ந்தாள். வைட்ஃபீல்ட் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு அவள் எழுதியதில் யாரும் குறை சொன்னதில்லை. பந்த் பற்றிய பகுதி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: அன்று மூடிவிடலாம், சனிக்கிழமை வேலைசெய்து ஈடுகட்டலாம். பெங்களூர் வழக்கமே அதுதானே.

பிறகு ஜோகுபாளையத்தில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர் திட்டம் கேட்டது. சில்லறை வேலை, அதுவும் அவசரம். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதியதை எடுத்துப் பெயரை மாற்றினாள், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி என்று நாலு வரி சேர்த்தாள், அனுப்பிவிட்டாள். சிலிண்டரை இரண்டு தடவை பார்க்கிறவள் பந்த் பகுதியை ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் மறுபடியும் காவிரித் தகராறு, மறுபடியும் பந்த். காலையிலேயே கேட்டைப் பூட்டித் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் மௌரீன். அம்மா சத்தமில்லாமல் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது செல்போன் அடித்தது. சந்தேகம் வந்தால் கேட்கட்டும் என்று டயாலிசிஸ் சென்டர் மேனேஜருக்குக் கொடுத்திருந்த நம்பரை அவர் நோட்டீஸில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். பேசியது சின்னத்தாயி, அங்கே டயாலிசிஸுக்கு வரும் பெருமாள்சாமியின் மனைவி.

"மேடம், பூட்டு தொங்குது. சனிக்கிழமை வாங்கன்னு ஒட்டியிருக்கு. எங்க வூட்டுக்காரரைப் போன தடவையே மெஷின் ரிப்பேருன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காலெல்லாம் ஊதிப்போச்சு, மூச்சு இழுக்குது. ஆம்புலன்ஸ் கிடைக்கல, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆட்டோவும் வரமாட்டேங்குது. சனிக்கிழமை வரைக்கும் தாங்குவாரா, நீங்களே சொல்லுங்க."

சனிக்கிழமை என்பது மௌரீனுடைய வாக்கியம். அந்த ஆள் செத்தால் அவள் எழுதியதால்தான் சாவான்.

திட்டத்துக்காக வாங்கிய ஊழியர் பட்டியலைப் புரட்டினாள். சென்டர் டாக்டர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். கூப்பிட்டதும் நடந்தே வருகிறேன் என்றார். ஆனால் மெஷினை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன் சேஷகிரி இருந்தது இவள் இருந்த அதே காக்ஸ் டவுனில். சாவியும் அவரிடம்தான். போன் செய்தால், திட்டத்தில் லீவு என்று போட்டிருக்கிறதே மேடம் என்றார், பஸ்ஸும் இல்லையே என்றார். நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் புறப்பட்டாள்.

ரோடெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. பழைய மெட்ராஸ் ரோட்டில் டயர் எரிந்தது, அதே நாற்றம். கம்பும் கொடியுமாக நின்ற கும்பலில் ஒருவன் வந்து ஹேண்டில்பாரில் கை வைத்து, எங்கே போகிறாய் என்று கன்னடத்தில் கேட்டான். பிறந்ததிலிருந்து பேசும் கன்னடத்தில் மௌரீனுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சேஷகிரிதான் கன்னடத்தில் சொன்னார், டயாலிசிஸ் சென்டரைத் திறக்கப் போகிறோம், ஒருவர் உயிருக்குப் போராடுகிறார் என்று.

அவன் கையை எடுத்தான்.

"ஆஸ்பத்திரி, பால், மருந்துக்கடை எதையும் நாங்கள் மூடச் சொல்லவில்லையே," என்றான் கன்னடத்தில். "யார் மூடினது அதை?"

நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு மேல் எவனை நினைத்துப் பயந்தாளோ அவன் மூடவில்லை. மௌரீன் ஸ்கூட்டியை முடுக்கினாள்.

சென்டர் வாசற்படியில் பெருமாள்சாமி சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சின்னத்தாயி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். டாக்டரும் சேஷகிரியும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஊசி குத்தி மெஷினில் பொருத்தினார்கள். ரத்தம் குழாயில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி மௌரீன் சுவரோரம் நின்றாள். கரண்ட் போய்விடுமோ, இதயம் நின்றுவிடுமோ என்று நினைத்து நினைத்துச் செத்தாள். வெளியே எங்கோ கூச்சல் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் பெருமாள்சாமிக்கு மூச்சு சீரானது. கண் திறந்தவர் மௌரீனைக் கண்டுகொண்டு, லேசாக எழப் பார்த்தார். நோட்டீஸ் போட்ட மேடம் என்று மனைவி சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

"மன்னிச்சிக்கங்க மேடம்," என்றார். "சனிக்கிழமை வரைக்கும் இருந்து பாக்கலாம்னுதான் நெனச்சேன். முடியல."