எதையும் இரண்டு தரம்

"இன்று சின்னசேலம் பக்கம் நல்ல வெயில்" என்று தட்டிவிட்டு இருசப்பன் நிமிர்ந்து உட்கார்கிறார். திரையில் வரி ஒழுங்காக வந்திருக்கிறதா என்று உதட்டை அசைத்துப் படிக்கிறார். தலையை ஆட்டிக்கொள்கிறார். பிறகு அதே வரியை முதல் எழுத்திலிருந்து மறுபடி தட்டுகிறார். இன்று சின்னசேலம் பக்கம் நல்ல வெயில். நகலெடுத்து ஒட்டிவிடலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. அது ஆளை ஏமாற்றுகிற வேலை என்பது அவர் கட்சி.

கள்ளக்குறிச்சியில் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்கிறவர் அவர். நகைக்கடை திறப்பு, சர்க்கஸ், கண் சிகிச்சை முகாம், நாளைய மின்தடை, நேற்றுக் காணாமல் போன ஆடு, எல்லாமே அந்தக் குரலில்தான் ஊருக்குத் தெரிய வரும். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, மாலையில் அதற்கு எதிர்க்கட்சி. இரண்டு வேளையும் உருக்கத்தில் ஒரு பொட்டுக் குறை இருக்காது. "ஓடுற வண்டில சொல்றது பாதிதான் காதுல வுழும். மீதி பாதிக்குத்தான் ரெண்டாந்தரம்" என்பது அவர் தொழில் நியாயம். இதே நியாயத்தை வலைப்பூவுக்கும் வைத்திருக்கிறார். அவர் பதிவில் ஒற்றையாக நிற்கிற வாக்கியம் கிடையாது.

வலைப்பூ ஒரே இடத்தில்தானே நிற்கிறது, அதற்கு எதற்கு இரண்டாந்தரம் என்று ஜெஸி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர் ஜெஸி. "அது நிக்குதும்மா. படிக்கிறவன் நிக்கிறானா?" என்றார் இருசப்பன். ஜெஸி அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அந்த சென்டரின் திறப்பு விழாவை ஊருக்குச் சொன்னதும் இவர்தான். உலகம் முழுவதும் உங்கள் விரல் நுனியில் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு, அது என்ன சங்கதி என்று பார்க்க மாடி ஏறினார். ஜெஸி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் வரும் என்று காட்டினார். இருசப்பன் ஒன்பதாவதோடு நின்றவர். ஆனால் ஆங்கில எழுத்தெல்லாம் தெரியும். ஆம்ப்ளிபயரின் முகத்தில் வால்யூம், பேஸ், ட்ரெபிள் என்று எழுதியிருப்பதைத் தினம் தடவிப் பார்க்கிற விரல்கள் அவை. அப்படித்தான் 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்ற வலைப்பூ பிறந்தது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. பக்கத்தின் தலையில் ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓடும் எழுத்தைப் பார்த்த பிறகுதான் இன்டர்நெட்டில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

பார்வையாளர் எண்ணிக்கை காட்டுகிற டப்பா ஒன்றை ஓரத்தில் வைத்துக் கொடுத்தபோது ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். "அண்ணே, நீயே வந்து நீயே எண்ணிக்கினு கீற" என்றார் ஜெஸி. நானும் ஒரு ஆள்தானே, என்னை எப்படிக் கழிப்பது என்று இருசப்பன் கேட்டார். வெளி ஆளும் வரவேண்டும் என்பதற்காக ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு நடுவில் வலைப்பூவின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக மைக்கில் படித்தார். எச், டீ, டீ, பீ என்று தொடங்கி, இரண்டு தரம். சின்னசேலத்தில் படித்தார், தியாகதுருகத்தில் படித்தார். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரிக்காரர்கள் கச்சிராயபாளையம் முக்கில் டீ குடித்துக்கொண்டே அதைக் கேட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர், இது என்ன புதுச் சேலை ரகமா என்று விசாரித்தார்.

ஆள் வந்தது. துபாயிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், நியூஜெர்சியிலிருந்து ஒருவர். சிங்கம் இல்லாத சர்க்கஸுக்குச் சிங்கம் இருப்பதாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை எழுதிய பதிவு, தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிற திரட்டியின் முகப்பில் ஒரு பகல் முழுக்க நின்றது. நியூஜெர்சிக்காரர், ஒவ்வொரு வரியையும் இரட்டிப்பது நாட்டுப்புற மரபின் நவீன நீட்சி என்று எழுதினார். இருசப்பன் அவருக்கு நன்றி சொன்னார். கீழேயே இன்னொரு நன்றி சொன்னார்.

ஒருநாள் பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்து கிடந்தது. ஒரே சொல். "கேக்குது."

இருசப்பன் எழுந்து படி இறங்கிப் போய்விட்டார். கரண்ட் போய்விட்டதென்று நினைத்து எழுந்துவிட்டாரோ என்று ஜெஸி மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கீழே எட்டிப் பார்த்தால், இவர் ஆட்டோவின் மேலிருந்த கூம்பு ஸ்பீக்கரை அழுக்கே இல்லாத இடத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அந்த ஒரு சொல்லுக்குக் கீழே "சரி" என்று மட்டும் தட்டினார். ஒரே ஒரு தரம். அன்றைக்குத்தான் ஜெஸிக்குச் சந்தேகம் வந்தது. கேட்டார். அவரும் சொன்னார்.

நைனார்பாளையத்தில் பையனாக இருந்தபோது இருசப்பன் பித்தளைச் சொம்பை வாயில் வைத்து விளம்பரம் பழகுவார். தங்கை இலக்கியா தெருக்கோடிக் குழாயடியில் போய் நின்றுகொண்டு "கேக்குது" என்றோ "கேக்கல" என்றோ கத்த வேண்டும். "சரி" என்று இவர் பதிலுக்குக் கத்துவார். நிஜ மைக் வாங்கிய பிறகும், அவள் கேக்குது என்று சொல்லாமல் வண்டி கிளம்பியதில்லை. பிறகு இலக்கியா மைக்கேல்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு அவரோடு போய்விட்டாள். வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பையன். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில், ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். இலக்கியாவுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஊர் முழுக்க மைக்கில் சொல்லிவிட்டு வா என்றார் அப்பா. வெளி ஆள் சொன்னால் எடுபடாதாம். கூடப் பிறந்தவன் வாயால் வரவேண்டுமாம்.

இருசப்பன் போனார். வழக்கமாக ஆட்டோ ஓட்டுகிற வேடியப்பன்தான் அன்றைக்கும் ஓட்டினார். எல்லாத் தெருவும் போனார்கள். மைக் வாயருகே இருந்தது, உதடு அசைந்தது. ஆம்ப்ளிபயர் மட்டும் அணைந்திருந்தது. வேடியப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார். இன்றுவரை அதைப்பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை.

சாயங்காலம் ஊரே கேட்டிருந்தது. என்ன சொல்லப்போகிறார்கள் என்று அப்பா முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததால், கேட்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. குரல் கொஞ்சம் கம்மி, பாவம், ரத்தமாச்சே என்றார் ஒருவர். இரண்டாந்தரம் சொன்னபோது கண் கலங்கிவிட்டது என்றார் இன்னொருவர். அப்பா திருப்தியாகச் சாப்பிட்டார். செய்தி மலையேறியது. எங்கண்ணன் மைக்கில் சொன்னதைச் செத்தாலும் மறக்கமாட்டேன் என்று பதில் கீழே வந்தது.

"நான் சொல்லலன்னு போய்ச் சொல்லேண்ணே" என்றார் ஜெஸி.

"சொன்னவனும் அதான சொல்வான்? ஊரே கேட்டன்னு நிக்குது. நான் ஒத்த ஆளு இன்னா பண்றது?"

ஆனாலும் கோபத்தோடு கோபமாக, இலக்கியா இந்த வலைப்பூக் குழாயடிக்கு வந்து நின்றுவிட்டாள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கேக்குது, ஒரு சரி. அண்ணன் தங்கைக்குள் அவ்வளவுதான் பேச்சு. மைக்கேல்ராஜின் அலுவலகக் கணினியிலிருந்து வருகிறது என்பதை இருசப்பன் மேகத்தை வைத்துக் கண்டுபிடித்தார். மலையில் மழை பெய்தால் அங்கே தொலைபேசிக் கம்பி செத்துவிடும், பின்னூட்டம் வராது. அதனால் பதிவு போட்டதும் அவர் கணினியை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் மேற்கே மலையைப் பார்ப்பார். பக்கத்து நாற்காலியில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பையன்கள், இவர் வானிலை ஆள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பெயரில்லாமல் எழுதலாம் என்று திறந்து வைத்த கதவு வழியாக மற்றவர்களும் வந்தார்கள். "எல்லாம் ரெண்டு தரமா, உனக்குப் பொண்டாட்டியும் ரெண்டா" என்று ஒருவன் தொடங்கி வைத்தான். போகப்போக செத்துப்போன அம்மாவையும் விடவில்லை. மூத்த பதிவர்கள் அந்தக் கதவை அடைக்கச் சொல்லி மின்னஞ்சல் போட்டார்கள்.

"சாத்துண்ணே அந்த அனானி கதவ" என்று ஜெஸியும் சொன்னார். "பேரு போட்டு வர்றவன் வரட்டும்."

"பேரு போட முடியாதவங்க வரணுமேம்மா."

வசையை எல்லாம் தினமும் தானே ஒவ்வொன்றாக அழிப்பார். அழிப்பதற்குமுன் ஒழுங்காகப் படிப்பார். ஒருவேளை நடுவில் எங்காவது அந்த ஒரு சொல் இருந்துவிட்டால்?

சித்திரை வெயிலில் ஊர் பொரிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், இருசப்பன் இரண்டே வரியில் ஒரு பதிவு போட்டார். அன்றைக்கு ஆம்ப்ளிபயர் அணைந்திருந்தது. அன்றைக்கு ஆம்ப்ளிபயர் அணைந்திருந்தது. ஜெஸி அதைப் படித்தார். மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலில் நியூஜெர்சி வந்தார். அணைந்த ஆம்ப்ளிபயர் என்பது சமூகத்தின் மனசாட்சி, படிமம் அபாரம் என்றார். பிறகு பெயரில்லாமல் ஒரு "கேக்குது" வந்தது. இருசப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அடுத்த நிமிஷம் இன்னொன்று வந்தது. அப்புறம் ஒன்று. "கேக்குது கேக்குது கேக்குது." "நல்லாவே கேக்குது மாமே." இத்தனை நாளாக அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இவர் சரி சொல்லி வந்ததைப் பயல்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள். திரை முழுக்கக் கேக்குது இறங்கிக்கொண்டே போனது.

இருசப்பன் ஜன்னலுக்குப் போனார். ஊரில் வெயில். மேற்கே மலையின் தலையைக் காணோம், கருப்பாக மூடிக் கிடந்தது. அப்படியானால் இதில் எதுவுமே அவளுடையது இல்லை. அல்லது மழை இறங்குவதற்குமுன் வந்த முதல் ஒன்று மட்டும் அவளுடையது. திரும்பி வந்து, கதவை அடைக்கிற பொத்தான்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அம்புக்குறி அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு அதை நகர்த்தி மூலையில் விட்டார். எந்தக் கேக்குதுக்கும் கீழே அன்று அவர் சரி போடவில்லை. அதற்குப் பிறகு பதிவும் போடவில்லை. திரட்டியில் சிலர் இவரைத் தேடினார்கள். பிறகு வேறு சண்டை வந்துவிட்டது.

மலையில் கோடை விழாவுக்கு ஊர் ஊராகச் சொல்லிவர ஆள் கேட்டார்கள். மலை வேலைக்கு எப்போதும் தொண்டை சரியில்லை என்று நழுவுகிறவர், இந்தத் தரம் வருகிறேன் என்றார். ஆட்டோ மலை ஏறாதென்று வேடியப்பன் யாரிடமோ ஒரு ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார். கோமுகி அணையைத் தாண்டி வளைவு தொடங்கியதிலிருந்து இருசப்பன் மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சி, அனைவரும் வாரீர் என்று சொல்லிக்கொண்டே போனார். ஆள் இல்லாத வளைவிலும் இரண்டு தரம் சொன்னார். குரங்குகள் கேட்டன.

வெள்ளிமலையில் தொண்டு நிறுவன அலுவலகத்துக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. இலக்கியா இடுப்பில் ஒரு குழந்தையோடு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் இதுவரை பார்த்திராத குழந்தை. மலர்க் கண்காட்சிக் குரல் தெருமுனையில் வரும்போதே அவள் கை கொடியில் நின்றுவிட்டது. திரும்பவில்லை.

"மெதுவா போ" என்றார் இருசப்பன். கையை நீட்டி ஆம்ப்ளிபயரை அணைத்தார். சிவப்பு விளக்கு செத்தது. அனைவரும் வாரீர் என்பது பாதியில் அறுந்ததும்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஜீப் ஊர்ந்தது. அன்றைக்குப் போலவே மைக் வாயருகே இருந்தது, உதடுகள் அசைந்தன. கூம்பு ஸ்பீக்கரிலிருந்து ஒன்றும் வரவில்லை. பின்னால் ஓடிவந்த பிள்ளைகள், செட்டு அவுட்டு என்று சிரித்தார்கள். வேடியப்பன் நேராகச் சாலையைப் பார்த்து ஓட்டினார். இலக்கியா ஸ்பீக்கரைப் பார்த்தாள். அண்ணனின் வாயைப் பார்த்தாள். பிறகு வேடியப்பனின் பிடரியை வெகுநேரம் பார்த்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையோடு சாலை ஓரம்வரை இறங்கி வந்தாள். ஒரு கையை வாயருகே குவித்தாள்.

"ணா... ஒண்ணுமே கேக்கல" என்று கத்தினாள்.

இருசப்பன் ஸ்விட்சைத் தொடவில்லை. மைக்கை இறக்காமல், சொன்னதை முதலிலிருந்து இன்னொரு தரம் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்.