இடம் மூன்று, வலம் மூன்று

கருகிய வார்னிஷுக்கு ஒரு வாசனை உண்டு. அவிக்கும்போது அடிப்பிடித்துப்போன நெல்லோடு ஆஸ்பத்திரி மருந்தைக் கலந்தாற்போன்ற அந்த வாசனை, நான் எட்டாம் வகுப்பு முடித்த வருஷம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதம் நின்றிருந்தது. சாம்பிராணி போட்டுப் பார்த்தோம், போகவில்லை. சாம்பிராணி வாசனையும் அப்போது எங்களுக்குப் பிடிக்காமல் போயிருந்தது என்பது வேறு விஷயம்.

திருப்பனந்தாளிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி மண்ணியாற்றங்கரையில் இருந்தது எங்கள் ஊர். அண்ணன் சேகருக்கு இருபத்திரண்டு வயது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தான். சம்பாதித்து அவன் வாங்கிய முதல் பொருள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். தினமும் காலையில் என்னைத் திருப்பனந்தாளில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத்தான் கடைக்குப் போவான். ஏப்ரல் மாதக் கடைசியில், "லைட்டு மங்கலா எரியுது, காயில் போயிருக்கும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று வண்டியை மாட்டுக்கொட்டகை ஓரமாக நிறுத்தினான். மறுநாள் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், ஆறாவது நாள் அவன் இல்லை. இதை இப்படி இரண்டு வரியில் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததும் அவ்வளவு வேகமாகத்தான் நடந்தது.

நான் அழவில்லை. அழாத பெண்ணைப் பார்த்து ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும், அதையும் சொன்னார்கள். எனக்கு உள்ளே எதுவும் இல்லை, அதுதான் உண்மை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போய் யாருடைய காலோ போல இருக்குமே, அப்படி இருந்தேன். அம்மா அழுது முடித்த மூன்றாம் நாளிலிருந்து பேச்சை விட்டுவிட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. சோறு வடிப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், கேட்டால் தலையாட்டுவாள். நான் வாசலைத் தாண்டினால் மட்டும் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து தெருவைப் பார்த்தபடி நிற்பாள்.

இந்த நிலையில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்குள் பஸ் வராது. ஆற்றங்கரைப் பாதையில் தனியாக சைக்கிள் மிதித்துப் போவதென்றால் அம்மா தாங்கமாட்டாள். அப்பா யோசித்து, "வண்டி ஓடுனா நானே கொண்டு விடுறேன். ஓடலன்னா இந்த வருசம் கெடக்கட்டும்மா" என்றார். எங்கள் தெருவில் ஒரு வருஷம் கிடந்த பெண்கள் யாரும் பிறகு பள்ளிக்கூடம் போனதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் செல்வத்திடம் போனோம். அவர் எஞ்சின் பக்கத்து மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தை இழுத்து எடுத்து, உள்ளேயிருந்து ஒரு வட்டத் தட்டைக் கழற்றிக் காட்டினார். நடுவிலிருந்து ஆறு இரும்புப் பற்கள் வெளியே நீண்டிருந்தன, ஒவ்வொரு பல்லிலும் செம்புக் கம்பி சுற்றி, ஆறும் கருகிப்போயிருந்தன. இதுதான் பேட்டரிக்குக் கரண்ட் கொடுப்பது, பேட்டரி இல்லாவிட்டால் இந்த வண்டி ஓடாது என்றார். புதிதாக வாங்கவும் வழியில்லை, கும்பகோணத்தில் கொடுத்துப் புதுக் கம்பி சுற்றி "காயில் கட்டவும்" வழியில்லை. அந்த வருஷம் மேட்டூர் திறப்பதாக இல்லை, குறுவை கிடையாது, ஆஸ்பத்திரிக்கும் காரியத்துக்கும் கையிலிருந்தது போயிருந்தது. அப்பா தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். போர்செட் மோட்டார் எரியும்போதெல்லாம் காயில் கட்டுகிறவரின் எதிரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகியவர் அவர். "பிரிக்கத் தெரிஞ்சா சுத்தத் தெரியாதா" என்றார்.

கூடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அவர் கம்பியைப் பிரிக்கப் பிரிக்க நான் சத்தமாக எண்ணி, எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு பல்லிலும் அறுபத்திரண்டு சுற்று. எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. ஆனால் முதல் பல்லில் கம்பி வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது, அடுத்ததில் இடப்பக்கமாக, அதற்கடுத்ததில் மறுபடி வலப்பக்கமாக. வ, இ, வ, இ, வ, இ என்று ஆறையும் எழுதி அடிக்கோடும் போட்டுவைத்தேன். இரும்பில் கம்பி படாமலிருக்க நடுவில் தடித்த காகிதம் வைக்க வேண்டும். வீட்டில் இருந்த தடித்த காகிதம் மிச்சமாகிப்போன கருமாதிப் பத்திரிகைதான். அப்பா அதைக் கத்தரியால் பட்டை பட்டையாக வெட்டினார். அண்ணன் பேர் இருந்த பட்டையை ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, அதையும் ஒரு பல்லில் சுற்றினார்.

புதுக் கம்பி வந்தது. முதல் பல்லை வலமாகச் சுற்றி முடித்தார். இரண்டாவதை இடப்பக்கமாக இரண்டு சுற்றுப் போட்டிருப்பார், அடுப்படி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இடப்பக்கமா சுத்தாதீங்க" என்றாள்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட அவளுடைய குரல் அது. எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோயிலை வலமாகச் சுற்றுவோம், மணவறையை வலமாகச் சுற்றுவோம், ஆரத்தியை வலமாகச் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு நாள்தான். தோளில் தண்ணீர்க் குடத்தோடு அப்பா அண்ணனை அப்படித்தான் மூன்று முறை சுற்றிவிட்டு வந்திருந்தார்.

அப்பா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நோட்டை எடுத்து மாடத்தில் வைத்தேன். "எப்படிச் சுத்துனா என்ன, செம்பு செம்புதான்" என்று முணுமுணுத்து, போட்ட இரண்டு சுற்றையும் பிரித்துவிட்டு, ஆறையும் வலமாகவே சுற்றினார். அவள் மறுபடி பேசாமல் போய்விடுவாளோ என்கிற பயம் அவருக்கு. மேலே வார்னிஷ் பூசி, நெல் காயும் களத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். செல்வம் தட்டை மாட்டி, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்.

பள்ளி திறந்த அன்று வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. நான் புதுப் பாவாடையோடு பின்னால் உட்கார்ந்தேன். அம்மா வாசல்வரை வந்தாள். பாதி வழியில், மதகைத் தாண்டியதும், எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. அப்பா உதைத்துக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கடைசியில் வண்டியைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். நம் படிப்பு இவ்வளவுதான் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்கும் அழுகை வரவில்லை.

செல்வம் வீட்டுக்கே வந்து தட்டைக் கழற்றிப் பார்த்தார். "என்னண்ணே, எல்லாத்தையும் ஒரே பக்கமா சுத்தி வச்சிருக்கீங்க. அன்னைக்கு அவசரத்துல நானும் பாக்காம மாட்டிட்டேன். ஒண்ணு குடுக்குற கரண்ட்ட அடுத்தது தின்னுட்டுப் போயிரும். பேட்டரில இருந்த வரைக்கும் ஓடிருக்கு, அவ்வளவுதான். ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்திச் சுத்தணும்."

அம்மா தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் நோட்டுல தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"கணக்குல எத்தன மார்க்கு நீ" என்று சிரித்துவிட்டுச் செல்வம் போனார்.

அவர் போன பிறகு அம்மா மாடத்திலிருந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வ, இ, வ, இ என்று விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். அடிக்கோட்டையும் பார்த்தாள். சாக்கை விரித்து உட்கார்ந்து, அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"கொண்டாங்க. இடப்பக்கம் உள்ளத நான் சுத்துறேன்."

"நீதானடி வேண்டான்ன."

"அன்னைக்கு நீங்க சுத்துனீங்க. நான் தெருமுனையோட நின்னுட்டேன்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்றவளாக இருந்தாலும் தெருமுனைவரைதான். அப்பா தட்டை அவள் மடியில் வைத்தார். இரண்டாம் பல், நான்காம் பல், ஆறாம் பல், மூன்றையும் பிரித்தார்கள். அம்மா கம்பியை இழுத்துப் பிடித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள். என்னை எண்ணச் சொன்னாள். நான் எண்ணினேன். அறுபத்திரண்டு வந்ததும் நிறுத்தி, முடிச்சுப் போட்டு, அடுத்த பல்லுக்குப் போனாள். கம்பி அறுத்து ஆள்காட்டி விரலில் ரத்தம் கசிந்தது, புடவையில் துடைத்துக்கொண்டாள். மூன்று பல்லும் முடிந்தபோது வாசலில் வெயில் இறங்கியிருந்தது. அப்பா எழுந்து கொல்லைப்புறம் போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் நோட்டை மூடி வைத்தேன். இரக்கம், துக்கம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும் எதுவும் எனக்கு அப்போது வரவில்லை, பசித்தது.

நான்கு நாள் தாமதமாக ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்த வண்டியில்தான் போனேன். காயில் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை.

இப்போது ஆற்றங்கரைப் பாதை தார்ச் சாலையாகிவிட்டது, பெண்பிள்ளைகள் ஸ்கூட்டரில் பறக்கிறார்கள். மாட்டுக்கொட்டகை இல்லை, செல்வத்தின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, அப்பாவும் இல்லை. நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஊர் வீட்டை ஒழிக்கப் போனபோது, துருவேறி நின்ற வண்டியை எடைக்கு எடுக்க ஆள் வந்தார். தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு, "அந்தக் கம்பிய என்ன செய்வாங்க" என்றாள்.

"பிரிச்சு, செம்ப தனியா எடுப்பாங்கம்மா."

"நான் சுத்துனத எந்தப் பக்கமா பிரிப்பாங்க?"

பழைய இரும்புக் கடையில் யாரும் உட்கார்ந்து கம்பியைப் பிரிப்பதில்லை. உளி வைத்து ஒரே வெட்டாக வெட்டி உருவுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் இடமாகச் சுற்றியதைப் பிரிக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

"வலப்பக்கமாத்தாம்மா" என்றேன்.

அவள் தன் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே வண்டியைப் பார்த்தாள்.

"அப்ப சரி, எடுத்துட்டுப் போகச் சொல்லு."