மஞ்சள் கோட்டுக்காரனை உட்கார வைத்த நாள்

என்னைக் கைநாட்டு என்று சொன்னவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கிழவி மனம் இளகிவிடுவாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் கைநாட்டும் இல்லை. எழுத்துக் கூட்டி எழுதுவேன். இந்த ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு நடுவில் ஆபீசர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் ஒன்று உண்டு. அங்கே தெருக் கூட்டும் வேலைக்குத்தான் முதலில் போனேன். அந்த வீடுகளில் வளர்ந்த நாய்களில் சில, ஆளைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். என்னைக் கண்டால் ஒட்டாது. நான் மெதுவாக நடப்பவள், எதையும் முறைத்துப் பார்க்காதவள், அதனால் இருக்கலாம். ஒரு வீட்டில் கூப்பிட்டு, “எங்க நாயைக் கொஞ்சம் நடக்கக் கூட்டிப் போறீங்களா?” என்றார்கள். அப்படியே அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. துடைப்பம் போய்க் கயிறு வந்தது.

ஆரணியில் இருக்கும் என் தங்கை வரும்போதெல்லாம் சிரிப்பாள். “இன்னாக்கா, நாய் மேய்க்கிறியாமே?”

“மேய்க்கல. கூட நடக்கறேன். ஒனக்குத் துணைக்கு நடக்க ஆள் கீதா?” என்பேன்.

பயந்த நாய்களை மட்டும்தான் எடுப்பேன். ஒரு நேரத்தில் ஒரு நாய், அதற்கு மேல் இல்லை. கயிறு தொய்வாக இருக்க வேண்டும். இழுக்கவே கூடாது. அது நின்றால் நானும் நிற்பேன்.

அப்படி வந்தவள்தான் பொண்ணு. அவளை வளர்த்த ஆபீசரம்மா வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார், என் வாயில் நுழையாததால் நான் பொண்ணு என்று கூப்பிட்டேன். செம்பட்டை நிறத்து நாட்டு நாய், ஒரு காது பிளந்திருக்கும். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் கேட்டில் பிறந்தது. அங்கே மஞ்சள் கோட்டுப் போட்ட காவல்காரர்கள் தடியால் அடித்து விரட்டியிருக்கிறார்கள். ஆபீசரம்மா தூக்கி வந்தார். வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான் வாசம்.

முதல் பதினொரு நாள் நான் ஒன்றுமே செய்யவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தேன். நடுநடுவே தோளுக்கு மேலே பின்பக்கமாக ஒரு நெத்திலிக் கருவாடு வீசுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். இந்த வேலையில் பாதி அதுதான், பார்க்காமல் இருப்பது. பயந்த பிராணிக்கு நம் கண்தான் முதல் அடி. பன்னிரண்டாம் நாள் என் முதுகில் ஈரமாக ஒரு மூக்குப் பட்டது. ஏழு பிள்ளை பெற்றவள் நான். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு பெல்ட். பயந்த நாய் முன்னால் பாயாது, பின்னால் இழுக்கும். பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை காதைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். அதனால் மாரைச் சுற்றி ஒரு பெல்ட், கழுத்தில் ஒரு பட்டை, இரண்டுக்கும் இரண்டு கயிறு, ஒன்று என் கையில், ஒன்று என் இடுப்பில். காலை ஷிப்ட் பஸ்கள் போன பிறகு, ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் வருவதற்கு முன்னால் நடப்போம். பஸ் பிரேக்கு ‘புஸ்ஸ்’ என்று காற்று விட்டால் அவள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள். நாலு மாதத்தில் கட்டிலடியிலிருந்து தண்ணீர் டாங்க் வரை வந்துவிட்டோம். டாங்கின் காலை முகர்ந்துவிட்டு ஒருநாள் வாலை ஆட்டினாள்.

அப்போதுதான் அவன் வந்தான். ஏதோ ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸ் சங்கத்தார் அவனைக் கேட்டில் வைத்தார்கள். வந்ததும் எல்லாவற்றுக்கும் சேஃப்டி என்றான். கூட்டுகிறவளுக்கு மஞ்சள் கோட்டு, தோட்டக்காரனுக்கு மஞ்சள் கோட்டு. நாய்களுக்கும் சின்னச் சின்னதாகத் தைத்து வாங்கி வந்தான். வெளிச்சம் பட்டால் பளபளக்கும். கழுத்தில் விசில், காலில் இரும்பு வைத்த பூட்ஸ். சிரிக்காதீர்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. கம்பெனிக்குள்ளே மஞ்சள் கோட்டுத்தான் உயிரைக் காக்கிறது, நாயையும் காக்கும் என்றே நினைத்தார்கள். ஆபீசரம்மாவே கம்பெனியில் சேஃப்டி பார்க்கும் வேலை. அவருக்கும் சரி என்றுதான் பட்டது.

கேட்டில் ஒரு நோட்டும் வைத்தான். எத்தனை மணிக்கு நாய் வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவை வாங்கி என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வைத்தேன். பின்னால் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப் பெயர்தான் எழுதியிருந்தேன். நோட்டை வெடுக்கென்று இழுத்தான்.

“அய்ய, கைநாட்டு வெச்சிட்டுப் போ கெய்வி. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நாளைலருந்து நாய்ங்கள நானே பாத்துக்கறேன், ரூல்ஸ்படி.”

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஆபீசரம்மா கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பாதிப் பெயர் அவன் நோட்டிலேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் பொண்ணு ஓடிவிட்டாள். நான்கு நாய்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மஞ்சள் கோட்டு மாட்டி, சரியாக ஜெனரல் ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் போயிருக்கிறான். மார் பெல்ட்டு எதற்கு, கழுத்துப் பட்டை போதும் என்று கழற்றி எறிந்திருக்கிறான். பஸ் காற்று விட்டது. பொண்ணு பின்னால் இழுத்தாள். பட்டை மட்டும் அவன் கையில் நின்றது.

எதிரே கம்பெனி வராத காலி மனை. பெரிய சிமெண்டுக் குழாய்களை அடுக்கிப் போட்டிருப்பார்கள், சுற்றிலும் சீமைக் கருவேலம். அதற்குப் பின்னால் கல்கத்தா ரோடு, லாரிகள் நிற்காமல் போகும். ஒரு குழாய்க்குள் போய்ப் பதுங்கிக்கொண்டாள். அவனும் குவார்ட்டர்ஸ் ஆட்களும் வலையும் விசிலுமாகத் துரத்தத் துரத்த, ரோட்டுப் பக்கத்துக் குழாய்க்கு நகர்ந்துகொண்டே போனாள். இன்னொரு முறை விரட்டினால் லாரிக்கு அடியில்தான்.

எனக்குச் சேதி முதல் நாளே வந்தது. போயிருக்கலாம். போகவில்லை. வரட்டும், வந்து கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆபீசரம்மா வந்தார். நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆயா, தப்பு என் மேலதான். நீங்க வந்தாத்தான் அது வெளியே வரும்.”

“ரூல்ஸ்படி வராதாம்மா?” என்றேன்.

அழுதுவிட்டார். கூழை முழுக்கக் குடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் எழுந்தேன்.

மனையில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரையும் போகச் சொன்னேன். “அவரு மட்டும் இருக்கட்டும்” என்று அவனைக் காட்டினேன்.

“அவரைப் பார்த்துத்தானே ஆயா அது பயப்படுது?” என்றார் ஆபீசரம்மா.

“யாரப் பாத்து மெரண்டுச்சோ, அவரு கூடவே பயம் தெளியணும் கண்ணு.”

அது பொய். முதலில் வெளியே அனுப்ப வேண்டியது அவனைத்தான். அது எனக்குத் தெரியும். அவனை மண்ணில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக அந்த நாயின் உயிரைப் பணயம் வைத்தேன். ஆபீசரம்மா நம்பிப் போய்விட்டார்.

“கோட்டக் கழட்டு நைனா.”

கழற்றினான்.

“விசிலக் குடு. போனக் குடு. பூட்ஸக் கழட்டு.”

“பூட்ஸுமா? முள்ளு கீது ஆயா.”

ஆயா என்று அவன் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

“நாய்க்குந்தான் முள்ளு கீது. கழட்டு. ஒக்காரு. ரோட்டப் பாத்து ஒக்காரு, கொழாய்க்கு முதுவக் காட்டு. பேசாத. ஆடாத.”

“எவ்ளோ நேரம்?”

“அது வர்ற வரிக்கும்.”

“நாஷ்டா கூட துன்னல.”

“அது மூணு நாளா துன்னல.”

சுற்றிலும் கருவாட்டைத் தூவிவிட்டு, நானும் அவனுக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி, குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் தலைக்கு மேல் கருவேலங்கிளை இருந்தது. அவன் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. அந்த இடத்தை நான்தான் பார்த்துக் கொடுத்தேன்.

வெயில் ஏறியது. நான் திரும்பி அவனைப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். பிடரியில் எறும்பு ஊர்ந்தது, தட்டிவிடவில்லை. காலுறையில் ஓட்டை. அதன் வழியாகத் தெரிந்த குதிகால், என் குதிகாலைப் போலவே வெடித்திருந்தது. வெடிக்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

பொழுது மேற்கே சாயத் தொடங்கியபோது சிமெண்டில் நகம் உரசும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவனைப் பார்க்கத் திரும்பியிருந்தேன். பொண்ணு குழாயின் வாயில் நின்றாள். என் கண்ணும் அவள் கண்ணும் மோதின. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். நான் மறுபடி திரும்பியிருந்தேன். மறுபடி உள்ளே போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் காலையிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கண்ணை வைத்து மிரட்டிக்கொண்டிருந்தது நான்.

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கருவாடு மெல்லும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்தது. என் முதுகில் அந்த மூக்குப் படும் என்று காத்திருந்தேன். படவில்லை.

“ஆயா” என்றான், காற்று மாதிரி. “முதுவுல சாஞ்சிக்கினு கீது. இன்னா செய்யறது?”

முந்தானையை விலக்கி ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் முதுகில் தன் விலாவைச் சாய்த்துப் பொண்ணு படுத்திருந்தாள். ஆயுசு முழுக்கக் கேட்டில் அசையாமல் நின்று பழகிய உடம்பு அவனுக்கு. கல் மாதிரி இருந்தான். தோள் மட்டும் லேசாக நடுங்கியது. அழுதானா, வலியா, நான் கேட்கவில்லை.

ஆபீசரம்மா கொடுத்துவிட்டுப் போன பெல்ட்டும் பட்டையும் கயிற்றோடு என் மடியில் இருந்தன. நாய் யாரிடம் வருகிறதோ அவர்தான் மாட்ட வேண்டும். வேறு யார் எழுந்தாலும் ஓடிவிடும். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, பொண்ணு தலையைத் தூக்கினாள். அப்போதும் மடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கையால் மாட்டுவதா? என் நாய்க்கா?

பிறகு இரண்டையும் மண்ணோடு மண்ணாக அவன் பக்கம் தள்ளினேன்.

“கையக் கீழருந்து கொண்டு வா. மேலருந்து வந்தா அடின்னு நெனச்சிக்கும். மொகத்தப் பாக்காத. மொதல்ல மாரு, அப்பால கழுத்து.”

சொன்னபடியே மாட்டினான். பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன். இரண்டு கயிற்றையும் அவன் கையிலிருந்து வாங்கி, ஒன்றை என் இடுப்பில் கட்டினேன். “நான் புடிச்சிக்கினு வரட்டுமா?” என்று கேட்டான். இன்னொன்றை என் கையில் சுற்றிக்கொண்டேன். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட்டைக் காலுறையோடு அவன் பின்னால் வர, குவார்ட்டர்ஸ் கேட்டு வழியாக நானும் பொண்ணும் முன்னால் போனோம். அன்றைக்குச் சிரித்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் கேட்டுக்குப் போய் நோட்டைக் கேட்டேன். பாதிப் பெயர் இருந்த பக்கத்தை அவனையே புரட்டிப் பிடிக்கச் சொன்னேன். மிச்ச எழுத்துகளை எழுதினேன். கொம்பு போட்டேன், சுழித்தேன், புள்ளி வைத்தேன். கேட்டைத் திறக்கச் சொல்லி ஆபீசர் பஸ் ஹாரன் அடித்தது. “ஆயா, பஸ்ஸு” என்றான். “நிக்கட்டும்” என்றேன். இனி அவன் எந்த நாயின் கயிற்றையும் தொடக் கூடாது என்று சங்கத்தாரிடம் கேட்டு, அந்த உத்தரவையும் வாங்கினேன்.

இப்போது எல்லா நாயும் என்னிடம்தான், ஒவ்வொன்றாக. அவனும் கேட்டில்தான் இருக்கிறான், மஞ்சள் கோட்டு இல்லாமல். தினமும் காலையில் பொண்ணு கேட்டருகே வந்ததும் அவன் பக்கம் போகிறாள். வழி முழுக்கத் தொய்வாக இருக்கும் கயிறு அந்த இடத்தில் மட்டும் விறைக்கிறது. அவன் கையைக் கீழிருந்து நீட்டுகிறான், நான் சொன்ன மாதிரியே.

ஓர் இழுப்பு இழுத்தால் வந்துவிடுவாள். ஆனால் இழுக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் அவள் முகர்ந்து முடிக்கும்வரை, முகத்தைத் தண்ணீர் டாங்க் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறேன்.

“நல்லாகீறியா ஆயா?” என்று கேட்பான்.

இதுவரை ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லை.